வள்ளியம்மைக்குப் போட்ட கிளாரினெட்

பதுளை,
செவ்வாய்க்கிழமை

அன்பு வள்ளி,

முருகன் கிருபையால் நானும் வீடும் சுகம். மெல்பேர்னில் குளிர் தொடங்கிவிட்டதாமே. காலுறை போடாமல் தரையில் நடக்காதே. துஷாந்தியும் மருமகனும் பேத்தியும் நலமென்று நம்புகிறேன்.

போனில் பேசும்போது உன்னைச் சுற்றி எல்லோரும் இருக்கிறார்கள். நானும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். லத்தீப் முதலாளியின் மகள் நளீரா வியாழக்கிழமை அங்கே படிக்க வருகிறாள். அதனால் அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் ஒரு செய்தி. வேறு யாராவது சொல்லி நீ கேட்கக் கூடாது. போன ஞாயிறு மாலை நீ இறந்துவிட்டதாக ஸ்பிரிங்வெளித் தோட்டம் முழுவதும் பேச்சாகிவிட்டது. பயப்படாதே. காரணம் நான்தான்.

அதைச் சொல்வதற்கு முன் துஷாந்தியின் விஷயம். ஆறு மாதத்துக்கென்று போன உன்னை நிரந்தரமாக அங்கேயே வைத்துக்கொள்ள விண்ணப்பிக்கப் போகிறாளாம். அவள் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். நியாயம்தான். என்னைக் கேட்டாள். "அம்மா விருப்பம்" என்றேன். உன்னைக் கேட்டால், "அப்பா என்ன சொல்றாரோ அதுதான்" என்கிறாயாம். நீ முதலில், நீங்க முதலில் என்று இரண்டு பேரும் பஸ்ஸில் ஏறாமலே நிற்கிறோம். இந்த மாதம் முடிவதற்குள் அவளுக்குப் பதில் வேண்டும்.

இனி வானொலிக் கதைக்கு வருகிறேன். பென்ஷன் எடுத்த மனிதன் ஞாயிறுதோறும் நம் சமூக வானொலியில் ஜாஸும் புளூஸும் போடுவதை நீ என்றைக்கு மெச்சினாய்? "ஊருக்கெல்லாம் எழவு சொல்லக் கெளம்பிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் சட்டைக்கு இஸ்திரி போட்டுத் தருவாய். ஆனால் நேயர்களுக்கு நான் சொன்ன நல்ல உதாரணங்களில் பாதி உன்னிடமிருந்து எடுத்தவை. புளூஸில் ஒரே வரியை இரண்டு தரம் பாடிவிட்டு மூன்றாவதில்தான் பதில் சொல்வார்கள். அதை எப்படி விளக்கினேன் தெரியுமா? "குடைய எடுத்துட்டுப் போங்க. குடைய எடுத்துட்டுப் போங்க. இந்தாங்க, மறந்துட்டீங்க பாருங்க." இவ்வளவுதான் புளூஸ் என்றேன். தோட்டத்து லயங்களில் இருக்கும் பெண்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்களாம். ஜாஸுக்கு வெலிமடை பஸ்ஸைச் சொன்னேன். பாதை ஒன்றுதான், ஆனால் எதிரே லொறி வந்தால் ஒரு மாதிரி, பனி மூடினால் வேறு மாதிரி டிரைவர் வளைப்பார். எப்படி வளைத்தாலும் ஸ்டாண்டுக்கு வந்து சேர்வார்.

பாட்டுத் தெரிவு செய்வதும் சமையல் மாதிரித்தான். முதலாவது தாளம் போட வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவார்கள். அடுத்து நல்ல குரல். நடுவில் ஒன்று மெதுவாக இருக்கலாம், இரண்டு மெதுவான பாட்டு அடுத்தடுத்து வரக் கூடாது. இது நானே வைத்த சட்டம். நீ போன பிறகு அதை நானே மீறிக்கொண்டிருந்தேன் என்பது நிலையப் பொறுப்பாளர் றவூப் சொல்லித்தான் தெரிந்தது. "சேர், கொஞ்ச காலமா எல்லாமே இழுவையாத்தான் போகுது. பின்னேரம் தேத்தண்ணி குடிச்சிட்டுக் கேட்டாலும் நித்திரைதான்" என்றார். நான் எதையும் வேண்டுமென்று செய்யவில்லை. புதன்கிழமை பாட்டுத் தெரிவு செய்ய ஹெட்போனை மாட்டி உட்கார்ந்தால் காது அந்தப் பக்கம்தான் போகிறது.

போன ஞாயிறு உன் பிறந்தநாள். உனக்குப் பிடித்த ஒரே இசைத்துண்டு, அந்தக் கிளாரினெட். லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த கையை நிறுத்தி, "இவன் அழல. அழுது முடிச்சு மூஞ்சி கழுவிட்டு வந்திருக்கான்" என்றாயே, அதுதான். அதைப் போட்டு உன் பெயரையும் சொல்ல நினைத்தேன். இத்தனை வருஷமும் வெளியில் "துஷாந்தி அம்மா" என்றே சொல்லி வந்தவன், முதல் தடவையாக ஊர் கேட்கச் சொல்வதால் மரியாதையாக இருக்கட்டும் என்று எழுதி வைத்து வாசித்தேன். "ஸ்பிரிங்வெளியைப் பிறப்பிடமாகவும் பதுளையை வதிவிடமாகவும் கொண்ட திருமதி வள்ளியம்மை கணபதி அவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் கணபதியின் அன்பு மனைவியும், துஷாந்தியின் பாசமிகு தாயாரும் ஆவார்." அடுத்த வரி, "இன்று பிறந்தநாள் காணும் அவருக்காக இந்த இசை." அந்த வரியை என்னால் வாசிக்க முடியவில்லை. மைக்கை மூடிவிட்டேன். கிளாரினெட் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

இதே வாசகத்தில் வானொலியில் மரண அறிவித்தல் கேட்டுப் பழகிய ஊருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நான் வீட்டுக்கு வந்தபோது வாசலில் செருப்புகள். இளைஞர் சங்கத்துப் பிள்ளைகள் சாவு வீட்டுக்கு வெள்ளைக்கொடி கட்டக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டார் சீனியும் தேயிலையும் கொண்டுவந்து முற்றத்தில் அடுப்பை மூட்டிவிட்டார்கள். உன் கூட்டாளி கருப்பம்மா த்ரீவீலரில் இருந்து இறங்கும்போதே, "அடி வள்ளி, சாகுறதுக்கா கப்பலேறிப் போன!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். நீ விமானத்தில் போனாய் என்று திருத்தவா முடியும்? "பொணத்த இங்க கொண்டு வருவாங்களா சேர், இல்ல அங்கயே எரிச்சிருவாங்களா?" என்று ஒருவர் கேட்டார். உன்னை அந்தச் சொல்லால் சொன்னதும் நான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன், வள்ளி. தவறை விளக்கவே சிறிது நேரமாயிற்று.

விளக்கியதும் கருப்பம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். "உசுரோட இருக்கிறவளுக்கு எதுக்கு சேர் அந்தப் பாட்டு? படிச்சவங்க செய்ற வேலையா இது?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வந்தவர்கள் போகவில்லை. போட்ட தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு உன்னைப் பற்றியே பேசினார்கள். யார் பிரசவத்துக்கு நீ விடிய விடிய இருந்தாய், யாருடைய மகளை மறுபடி பள்ளிக்கூடம் அனுப்பினாய் என்று எனக்கே தெரியாத கதைகள். கூட்டம் கலையும்போது கருப்பம்மா, "அப்ப எப்ப சேர் வர்றா?" என்று கேட்டாள். "தீபாவளிக்கு வந்துருவா" என்றேன்.

உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது.

வரும் ஞாயிறு நான் திருத்தம் சொல்லியே ஆக வேண்டும், அதற்கு ஒரு பாட்டும் போட வேண்டும் என்று றவூப் உத்தரவு போட்டிருக்கிறார். நேற்று முழுவதும் தேடினேன். அமெரிக்காவின் தெற்கே ஓர் ஊரில், இறந்தவரைப் புதைத்துவிட்டுத் திரும்பும்போது பாண்டுக்காரர்கள் வேகமாக வாசித்துக்கொண்டு தெருவில் ஆடியபடி வருவார்கள். அப்படிப்பட்ட ஒன்று என்னிடம் இருக்கிறது. இங்கே என்ன நினைப்பார்களோ என்று இதுவரை போட்டதில்லை. ட்ரம்பெட் அப்படியொரு குதி குதிக்கும். அதையே எடுத்துக் கொடுத்துவிட்டேன். றவூப் இரண்டு தரம் போட்டுக் கேட்டுவிட்டு, "சேருக்கு என்ன நடந்திச்சு?" என்றார்.

"அம்மா விருப்பம்" என்று நான் சொன்னதைத் துஷாந்தி பெருந்தன்மை என்று நினைத்திருப்பாள். அது பயம், வள்ளி. கேட்டு, நீ வரவில்லை என்றால் என்ன செய்வேன் என்ற பயம். மகளையும் பேத்தியையும் விட்டு வா என்று எழுத எனக்கு மனமில்லை. சரி, வைத்துக்கொள் என்று அவளிடம் சொல்லவும் வாய் வரவில்லை. நீ யோசி. அவளிடம் கோபப்படாதே. அவள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை.

ஞாயிறு இங்கே மாலை ஐந்து மணிக்கு அங்கே இரவு ஒன்பதரை; துஷாந்தியின் போனில் நம் வானொலி கேட்கும். அன்று மட்டும் தூங்கிவிடாதே.

பேத்திக்கு என் சார்பில் நெற்றியில் திருநீறு பூசிவிடு. மருமகனுக்கும் துஷாந்திக்கும் என் ஆசீர்வாதம். அவர்கள் வீட்டில் எப்போதும் சிரிப்புச் சத்தம் கேட்கட்டும்.

"உன் பதிலை எதிர்பார்த்து" என்றுதான் கடிதத்தை முடிப்பது வழக்கம். அப்படி எழுதி, வெட்டிவிட்டேன்.

உன்னை எதிர்பார்த்து,
கணபதி