வெள்ளை வளையம் போட்ட மரங்கள்

செப்டம்பர் 4

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கணும். பாப்பா இப்போதுதான் கண் அசந்தாள். ஜுரம் சுத்தமாக இல்லை, பயப்படாதீர்கள். (பயப்படுவது என் வேலை.) உங்கள் காட்டுக் காம்ப்பில் போனுக்கு டவர் கிடைத்திருந்தால், லாரியில் போய்வரும் இந்த நோட்டுக்கு வேலையே இருந்திருக்காது.

இன்று ஆலை முற்றத்தில் மரத்தடிகளை அளந்தபோது ஒன்றில் வெள்ளைக் கோடு பார்த்தேன். சுற்றிப் போய்ப் பார்த்தால் முழு வளையம். நீங்கள் பூசும் வளையம்! விதைக்காக நிற்கவேண்டிய மரம், வெட்டக்கூடாது என்பதுதானே அதற்கு அர்த்தம்?

செப்டம்பர் 5

நோட்டை லாரியில் கொடுத்துவிடவில்லை. தெரியாமல் என்னத்தை எழுதுவது?

செப்டம்பர் 6

இன்றைய லோடில் இன்னும் ஆறு. மொத்தம் ஏழு.

ஹாரன் அண்ணன் லாரியை ஓட்டிவந்து நிறுத்தி இறங்குவதற்குள் கேட்டுவிட்டேன்.

"புதுசா வந்த அறுவைக்காரரும்மா. அவர் முன்னாடி இருந்த காட்டுல வெள்ளை போட்டா வெட்டணும்னு அர்த்தமாம். இங்க தலைகீழ்னு யாரும் சொல்லல."

சொல்லவேண்டியது நீங்கள். அவர் வேலைக்குச் சேர்ந்தது எந்தத் தேதி? ஆகஸ்ட் 29. அன்று நீங்கள் இங்கே, பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். "உடனே வாங்க" என்று இதே நோட்டில் எழுதியது நான். இரண்டு நாளில் இறங்கிப்போகிற ஜுரத்துக்கு! நான் ஏன்தான் இப்படி இருக்கேன்?

செப்டம்பர் 7

ஏழு தடிகளையும் தனியாக உருட்டி வைக்கச் சொன்னேன். பாய்லர் அண்ணனுக்குச் சிரிப்பு. "கட்டை எரிஞ்சா வளையமும் சேர்ந்து எரிஞ்சுடும். நீ எதுக்கும்மா எரியற?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாதுதான். ஆனால் அந்த மரங்களின் கிளைகள் இன்னும் காட்டில் கிடக்கின்றன. ஒன்பதாம் தேதி அவற்றைப் பாய்லருக்காகத் தூளாக்கப் போகிறார்கள். அந்தக் கிளைகளில் விதை முற்றுகிற மாதம் இது. மரமும் போய் விதையும் போனால், பிறகு அந்தப் பகுதியில் எதை நம்பி வெட்டுவது? பலகைக்கும் பாய்லருக்கும் எங்கே போவது?

மேனேஜர் அறைக்குப் போனேன்.

"யாரோட பொறுப்பு?"

"குறி போடறவரோடது சார். என் வீட்டுக்காரர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா யோசிச்சுட்டு ரிப்போர்ட் எழுதும்மா."

எழுதிவிட்டேன். உங்கள் பெயரை எழுதினேன். அன்று உங்களை வரவழைத்தது நான் என்பதையும் எழுதினேன். கிளைகளைத் தூளாக்கக்கூடாது என்று மேனேஜர் அப்போதே உத்தரவு போட்டார்.

வந்து பாப்பாவைக் குளிப்பாட்டினேன். தண்ணீர் சூடு சரியா என்று நாலு தடவை கை வைத்துப் பார்த்தேன்.

செப்டம்பர் 8

உத்தரவும் நோட்டும் ஒரே லாரியில் போகின்றன. ஹாரன் அண்ணன் சொன்னார்: "மொதல்ல உத்தரவைக் குடுக்கறேன். அவர் சாப்பிட்டு முடிச்சப்புறம் நோட்டு. ரெண்டையும் ஒண்ணா நீட்டினா மனுஷன் தாங்கமாட்டார்."

செப்டம்பர் 11

நோட்டு திரும்பி வந்தது. நீங்கள் ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன், தலைகீழாக உதறியும் பார்த்தேன்.

பிறகுதான் ஹாரன் அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். "ரெண்டு மூட்டை விதை பொறுக்கிட்டாங்கம்மா. அந்த அறுவைக்காரரும் கூடவே உக்காந்து பொறுக்கினார். இது பாப்பாவுக்காம்."

சிறகு வைத்த விதைகள். பாப்பா ஒன்றை வாயில் போடப் பார்த்தாள். பிடுங்கிவிட்டு, மேலே இருந்து ஒன்றை விட்டுக் காட்டினேன். சுற்றிச் சுற்றி இறங்கியது. அப்படிச் சிரித்தாள்!

குறி போடும் வேலை இந்தப் பருவம் முழுக்க வேறு ஒருவருக்காம். உங்களுக்கு நாற்றங்கால். ஆலைக்குப் பின்னால்தான், நம் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. பதினைந்தாம் தேதி வந்துவிடுவீர்கள் என்கிறார்கள்.

சந்தோஷப்படவா வேண்டாமா, தெரியவில்லை. நீங்கள் வரும்போது கதவைத் திறக்கவேண்டியது நான்தானே. எந்த முகத்தோடு திறப்பது?

என் மேல கோபமா, இல்லையா? நாளைக்கு லாரி வரும். ஒரே ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் எழுதுங்க.