ஆற்றில் நான் மாற்றிய இடம்

அன்புள்ள அம்மாவுக்கு,

காலையில் எழுந்ததும் சேற்றுத் துணிகளை ஊறவைத்துவிட்டு எழுதுகிறேன். கால் வீக்கம் குறைந்ததா? கர்த்தர் கிருபையால் நான் நலம்.

நேற்று திருமுடிவாக்கம் பக்கம் அடையாற்றில் மீன் வகைகளை எண்ணப் போனபோது, முழங்கால்வரை சேற்றில் இறங்கிவிட்டேன். எங்களுக்காக வலை வீசும் சுப்பராயலு அண்ணன் தூக்கிவிட்டுச் சிரித்தார். "இன்னாம்மா, நாறுற இடத்த வுட்டுட்டு நல்ல தண்ணில வலை போட்டுக்கினு, ஆறு நல்லாயிடுச்சின்னு எழுதினு கீறியே!"

அவர் சொன்னது உண்மைதான். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே இடத்தில் எண்ணினோம். அங்கே கரையில் சுவர் எழுந்தபின், இறங்கச் சிரமம் என்று நான்தான் மேல்பக்கம் தெளிந்த இடத்துக்கு மாறினேன். மூன்றே ஆண்டில் ஐந்து வகை மீன் ஒன்பதானது. இடம் மாறியதைச் சொல்லாமலே, ஆறு பிழைத்துவிட்டது என்று அறிக்கை தயாராகிவிட்டது. என் கையெழுத்துதான் பாக்கி.

தம்பி காலேப் இங்கே வரும்போது கருப்பட்டியும் உங்கள் நூல் சேலை ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். கட்டிய சேலையாக இருக்கட்டும், துவைக்க வேண்டாம்.

பேருந்துக்கு நேரமாகிறது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அம்மா. நான் கையெழுத்திடப் போவதில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் இறங்கி, பழைய இடத்திலேயே ஓராண்டு எண்ணப்போகிறேன். ஜனவரியில் வேலையை விட்டு உங்களோடு வந்துவிடுவதாகச் சொன்னேனே, அது முடியாது.

உங்கள் மகள்,
ஜெரூஷா