பட்டை உரிக்காத நாலு நாள்

மே 7, 2025, புதன்
எல்லையில் சண்டை. டிவியில் சைரன், அடுப்பில் குக்கர் விசில். எதற்குப் பயப்படுவதென்று தெரியவில்லை. அப்பா தைல மரம் வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. அவரிடம் வேலை பார்க்கும் சூசைராஜ் மாமா டீக்கடையில் நின்று, "என்னைய பார்டர்ல விட்டா மெஷின் வாளோட எறங்கிருவேன்" என்று முழங்கினார். ஓணானைக் கண்டால் வரப்பைத் தாண்டுகிற ஆள். மாமாவுக்கு ஒரு போர் வேண்டுமாம். தரலாம்.

மே 8
தந்தாயிற்று. கறம்பக்குடி ஜெராக்ஸ் கடையில் நேற்று அடித்த நோட்டீஸை விடியலில் லோடு லாரிக் கண்ணாடியில் செருகினேன்.
"தேசத்தின் மரத் தொழிலாளர்களே, ராணுவ முகாம்களுக்குக் கட்டை தேவை. இரு மடங்கு வெட்டுங்கள். பட்டையை உரிக்காதீர்கள். பட்டையோடு கிடந்தால் எதிரி விமானம் காடென்று நினைத்துத் திரும்பிவிடும். இப்படிக்கு, மரப்படைத் தலைமையகம்."
உரிக்காமலே பட்டையைக் கிளப்பியிருக்கிறேன். மாலைக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மே 9
யாரும் கண்டுபிடிக்கவில்லை. டிராக்டரில் கொடி பறக்கிறது. பட்டை உரிக்கும் பொன்னுத்தாய் அத்தை இன்று கட்டை தூக்கி அடுக்கினாராம். நோட்டீஸ் அப்பாவின் சட்டைப்பையில். "அன்னைக்கு ஒசரம் பத்தலைன்னு ஆர்மில திருப்பி அனுப்புனாக. இப்ப அவுகளே கேக்குறாக பாரு" என்றார் அம்மாவிடம்.
சிரிக்கத் தயாராகத்தான் இருந்தேன். வரவில்லை.

மே 10
சண்டை நின்றுவிட்டது. மரப்படை நிற்கவில்லை. "தலைமையகம் சொல்லட்டும்" என்கிறார் சூசைராஜ் மாமா. தலைமையகத்துக்குச் சோறு இறங்கவில்லை.

மே 11
சொல்லிரணும். எப்படிச் சொல்றது? அந்த மூஞ்சியப் பார்த்துக்கிட்டு — நாளைக்கு.

மே 12
வெளியூர் போயிருந்த காண்ட்ராக்டர் அருள்மணி இன்று காட்டுக்கு வந்தார். தைல மரத்தை வெட்டிய அன்றே, ஈரத்தில் உரித்தால் பட்டை சேலை மாதிரி கழன்று வரும். வெயிலில் காய்ந்தால் கட்டையோடு ஒட்டிக்கொள்ளும். பட்டையோடு போனால் பேப்பர் மில்லில் வாங்கமாட்டார்கள். நாலு நாள் வெட்டியது அப்படியே கிடக்கிறது.
"ஏன்யா ராக்கா, இருவது வருசமா வெட்டுற. ஒனக்குத் தெரியாதா?" என்று அப்பாவைக் கேட்டாராம்.
"தெரியும்ங்க. நாட்டுக்குன்னு கேட்டாகளே."
நாளையிலிருந்து வேறு மேஸ்திரி என்று சொல்லிவிட்டாராம். அம்மா சொன்னாள்.

மே 13
காட்டுக்கே போய் எல்லார் முன்னாலும் சொன்னேன். நான்தான் எழுதினேன், அப்பாவை வேலையை விட்டு எடுக்காதீங்க என்று.
காண்ட்ராக்டர் சிரித்தார். "பள்ளிக்கூடத்துப் புள்ள எழுதுன காயிதத்த நம்புனவரா மேஸ்திரி?"
உண்மையைச் சொல்லி இன்னும் கெடுத்தேன்.
"நாலு நாளு நெஞ்ச நிமித்திக்கிட்டு வேலை பாத்தோம்டி சத்யா" என்றார் பொன்னுத்தாய் அத்தை. அதற்குப் பதில் ரெண்டு அறை விட்டிருக்கலாம்.


மே 15
சூசைராஜ் மாமாதான் புது மேஸ்திரி. இன்று எந்த வரிசையை வெட்டுவது என்று காலையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து, "கோவிச்சுக்காத மச்சான்" என்று அப்பாவிடம் கேட்டுவிட்டுப் போகிறார். அப்பா சொல்கிறார். என்னிடம்தான் பேச்சில்லை.

மே 18, ஞாயிறு
மூன்று நாளாகக் காட்டில் கிடக்கும் அந்தக் கட்டைகளில் அரிவாளால் பட்டை செதுக்குகிறேன். ஒரு கட்டைக்கு அரை மணி நேரம். கை முழுக்கக் கொப்புளம், ஜோக் ஒன்றும் தோன்றவில்லை.
இன்று அப்பா வந்தார். எதிரே உட்கார்ந்து, என் கட்டையின் மறுமுனையிலிருந்து செதுக்க ஆரம்பித்தார்.
காண்ட்ராக்டர் பைக்கை நிறுத்தினார். "என்ன ராக்கா, ஞாயித்துக்கெழமை அதுவுமா? ஒன்னைய நான் வரச் சொல்லலையே."
"எங்க வீட்டு வேலைங்க" என்றார் அப்பா, தலை நிமிராமல்.
பைக் போன பிறகு, அடுத்த கட்டையை இரண்டு பேருக்கும் நடுவில் உருட்டிப் போட்டார்.