பதினேழாம் வீட்டு விளக்கு

என் மகள் மடிக்கணினியில் ஊர் கட்டி விளையாடுகிறாள். பாலம், துறைமுகம், மாடிக் கட்டடம் எல்லாம் எழுப்பியாயிற்று. நேற்று மத்தியானம் அந்த ஊர் திணறி நின்றுவிட்டது. நடுரோட்டில் பேருந்து அசையவில்லை. ஓர் ஆள் தூக்கிய காலை இறக்காமல் அப்படியே நின்றான். "ஜனம் அதிகமாயிடுச்சுப்பா. கொஞ்சம் பேர எடுத்துட்டா வேகமா ஓடும்" என்று சொல்லிக்கொண்டே எதையோ அழுத்தப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

எண்பதுகளின் நடுவில் உன் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தாரே, அதை நான் இன்னும் கனவில் காண்கிறேன். டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டால் கீச்கீச்சென்று கத்திவிட்டுத்தான் வேலைக்கு வரும். திரைக்கு உங்கள் வீட்டு டிவி. சாயங்காலம் ஆனால் இலங்கை ஒளிபரப்பைப் பார்க்கத் தெருவே வந்து உட்கார்ந்துவிடும் என்பதால் நமக்குக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும். நான் மாதா கோயிலில் காலைப் பூசை கண்டு, சாப்பிட்டுவிட்டு வருவேன். நீ உன் ரேடியோ ரிப்பேர் கடையைச் சாத்திவிட்டு வருவாய். இருவருக்கும் இருபத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் ஆகவேண்டிய ஆட்கள் பொம்மை ஊர் கட்டுகிறார்கள் என்று, நீ லாத்தா என்று கூப்பிடும் உன் அக்கா கேலி செய்வாள்.

முதலில் உங்கள் தெரு மட்டும்தான். வீட்டுக்கு ஒரு கட்டம். இயந்திரம் ஒவ்வொரு நாளும் வீடு வீடாக, ஆள் ஆளாகப் போய் விசாரிக்கும். சாப்பிட்டாயா, வேலை உண்டா, பிள்ளை பிறந்ததா, யாராவது இறந்தார்களா. நான் அப்போது பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதும் பிரிவில் குமாஸ்தா. பெரியவர்கள் அதை இன்னும் பிரெஞ்சுக்காரன் வைத்த பேரில் எத்தா சிவில் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில், ஓர் ஆள் இருக்கிறார் அல்லது இறந்தார், இரண்டே நிலை போதும் என்றேன். நீ மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தாய். சபர்.

கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர் சபராளி. உங்கள் தெருவில் சபராளி இல்லாத வீடு ஒன்றோ இரண்டோ. அவர் ஊரில் சாப்பிடுவதில்லை, நடப்பதில்லை. ஆனாலும் இயந்திரம் தினம் அவரிடமும் போய் ஒரு கேள்வி கேட்கும்: வந்தாச்சா? நூறுக்குள் ஏதாவது ஓர் எண்ணை எடுக்கும். அவருக்கென்று நீ குறித்த எண் விழுந்துவிட்டால் வந்துவிட்டார் என்று அர்த்தம். அந்த வீட்டில் மஞ்சளாக விளக்கு எரியும்.

பதினேழாம் வீடு உங்களுடையது. உன் வாப்பா நீ பள்ளிக்கூடம் போகும்போதே கப்பலேறியவர். சில வருஷம் கடிதம் வந்தது, பிறகு நின்றது. ரேஷன் கார்டில் மட்டும் பேர் அப்படியே இருந்தது. உம்மா நம்மைக் கடந்து போகும்போது, "பசியாறிட்டீங்களா தம்பி" என்று என்னைக் கேட்டுவிட்டு, உன் பக்கம் திரும்பி, "நம்மூட்டுல வெளக்கு எரியுதா?" என்பார். வேடிக்கையாகத்தான் கேட்பார். "இன்னும் இல்லம்மா" என்பாய். சிரித்துக்கொண்டே உள்ளே போவார். ஒரு ஞாயிறுகூட அவர் கேட்காமல் இருந்ததில்லை.

திரையில் ஊர் பெருத்தது. தருமபுரம் வந்தது, கோட்டுச்சேரி வந்தது, எங்கள் தெருவும் மாதா கோயிலும் வந்தன. கண் சிமிட்டும் நேரத்தில் கழிந்த ஒரு நாள், ஒரு டீ குடித்து முடித்தாலும் கழியாமல் இழுத்தது. "இதுல ஒரு நாள் விடியறதுக்குள்ள நமக்குத் தாடி நரைச்சிடும்டா" என்றேன். பேர்களைச் சுருக்கினோம். விளக்கக் குறிப்புகளை அழித்தோம். அடிக்கடி தேவைப்படும் வரிகளை மேலே தூக்கிப் போட்டோம். கொஞ்சம் தேறியது, அடுத்த வாரம் மறுபடி அதே திணறல். மிச்சம் இருந்தது சபராளிகள்தான். ஊரில் கால்வாசிப் பேர் அவர்கள்.

"ஊர்ல இருக்கறவனுக்கே நேரம் பத்தல, இல்லாதவன எதுக்குடா தெனம் போய்க் கேக்கணும்?"

"அவசரக்குடுக்க, கைய வச்சுக்கிட்டு சும்மா இரு" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

சும்மா இருந்தேனா? நீ வளைகுடா வேலைக்கு மெடிக்கல் பார்க்க மெட்ராஸ் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, உம்மாவிடம் கேட்டு இயந்திரத்தைத் திறந்து உட்கார்ந்தேன். சபராளி வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தபோது உங்கள் வீட்டு வரி கண்ணில் பட்டது. நூறுக்குள் ஓர் எண்ணை எடுத்து, அது நூற்றியொன்றா என்று கேட்டது அந்த வரி. ஒருநாளும் விழாத எண். கணக்கில் புலி என்று பேர், இதைத் தப்பாக எழுதியிருக்கிறானே என்று தனியே சிரித்தேன். அதையும் சேர்த்து எல்லாவற்றையும் அழித்தேன்.

அடுத்த வாரம் நீ வந்ததும் ஓட்டிக் காட்டினேன். நாட்கள் பறந்தன. "எப்படிடா?" என்று நீ குனிந்தாய். உன் விரல் பதினேழாம் கட்டத்துக்குப் போயிற்று. நான்கு பேர் இருந்த இடத்தில் மூன்று.

"வாப்பாவ எடுத்துட்டியா?"

நான் அப்போது சொன்ன பதிலை எத்தனையோ தடவை விழுங்கப் பார்த்திருக்கிறேன். "ஒரு வித்தியாசமும் இல்லியே, பாரு. ஊரு அது பாட்டுக்கு ஓடுது."

உம்மா அந்நேரம் நடையில் நின்றிருந்தார். அன்றைக்கு அவர் விளக்கைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்கப்புறமும் கேட்கவில்லை. நீ என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "போவட்டும்டா" என்று சொல்லி ஸ்விட்சை அணைத்தாய். இரண்டு மாதத்தில் விமானம் ஏறினாய். நானும் சரிசெய்கிறேன் என்று சொல்லவில்லை, வெட்கம்.

இரண்டாவது வருஷம் உங்கள் தெருமுனைக் கடைக்குப் போன் வந்தது. நீ வேலை செய்த கட்டடத்தின் சாரம் சரிந்துவிட்டது என்றார்கள். உன்னை அங்கேயே அடக்கிவிட்டார்கள். மறுநாள் காலை நான் அலுவலகம் போனேன். மீன்காரம்மா கூவிக்கொண்டு போனாள். கோட்டுச்சேரி பஸ் நேரத்துக்குக் கிளம்பிற்று. இறப்புப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இங்கே இறந்தவர்களுக்குத்தான் அதில் இடம், உன்னை எழுத எனக்கு ஒரு வரி இல்லை. ஊர் அது பாட்டுக்கு ஓடியது. நான் சொன்னது அப்படியே பலித்ததே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி எல்லோரும் கலைந்த பிறகு உம்மா என்னை நிறுத்தினார். துணியில் சுற்றிய கேசட்டைக் கையில் கொடுத்தார்.

"தம்பி, எம்மவனையாச்சும் அதுல போட்டு வைங்க."

டிவி முன்னால் உட்கார்ந்தேன். கேசட்டை ஏற்றினேன். பதினேழாம் வீட்டில் முதலில் உன் வாப்பாவைத் திரும்ப எழுதினேன். பிறகு உன்னை. சபர். உனக்கு எந்த எண்ணைக் குறிப்பது என்று யோசித்தபோதுதான் அந்தப் பழைய வரி எனக்கு விளங்கியது. நீ தப்பாக எழுதவில்லை. வரமாட்டார் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் தினம் ஒருதரம் போய்க் கேட்க ஓர் ஆள் வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறாய். உனக்கும் நூற்றியொன்று என்றே அடித்தேன்.

ஊர் பழையபடி கொஞ்சம் மெதுவானது. சமையலறையிலிருந்து குரல் வந்தது. "நம்மூட்டுல வெளக்கு எரியுதா தம்பி?"

"இன்னும் இல்லம்மா" என்றேன்.

உம்மா இருந்தவரை ஞாயிறுதோறும் போனேன். அந்தக் கேசட்டில் இப்போது பூஞ்சை படர்ந்துவிட்டது, எதுவும் ஏறாது. நேற்று மகளிடம், யாரையும் எடுக்காதே, மெதுவாகவே ஓடட்டும் என்றேன். "என்னப்பா நீ" என்று அலுத்துக்கொண்டு எழுந்து போனாள். உறைந்து நின்ற அந்த ஆள் மெல்ல மெல்ல காலைக் கீழே வைக்கும்வரை நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தினம் ஒருதரம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வந்தாச்சாடா?