பூட்டின் மோதிர விரல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌகரியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அண்ணியும் குழந்தையும் சௌகரியம்தான். நான்தான் இல்லை. உன் பயிற்சி முகாமில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து நிமிஷம் போனைக் கையில் தருகிறார்களாம். அந்தப் பத்து நிமிஷம் அண்ணிக்கே போதவில்லை. அதனால் கடிதம். எழுத்தில் திட்டினால் நீ குறுக்கே பேச முடியாது என்பதும் ஒரு வசதி.

சும்மா நின்றால் போதும், பிள்ளைகள் தாங்களாகவே ஆடிக்கொள்ளும் என்று சொல்லி, கால்பந்து ஆடும் பன்னிரண்டு வயதுப் பெண்கள் பதினைந்து பேரை என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். பெரிய கோச் சர்டிபிகேட் வாங்கி வரப்போகிறாய், சந்தோஷம். ஆனால் அந்தப் பந்துப் பையை எப்போதாவது திறந்து பார்த்திருக்கிறாயா? முதல் நாள் காரில் ஏற்றினேன். செத்த எலி கிடக்கிறது என்று நினைத்து டிக்கி முழுக்கத் தேடினேன். அடியில் போன வருஷத்துச் சாக்ஸ் ஒன்று, பாதி தின்ற ஆப்பிளோடு ஒட்டிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் பதினொரு வருஷமாக ரத்தம், வாந்தி எல்லாம் துடைத்தவள் நான். எனக்கே குமட்டிவிட்டது.

பையைக் கழுவிவிடலாம். இந்தப் பெற்றோரை என்ன செய்வது? பல் டாக்டர் ஒருவர் வருகிறார். வாரநாளில் வாயைத் திறங்க என்று அவ்வளவு பதமாகக் கேட்பவர், எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று எதிர் அணிப் பிள்ளையைக் காட்டி, அவ காலைத் தட்டி விடுடீ என்று தன் மகளைப் பார்த்துக் கத்துகிறார். ஒரு பயிற்சி ஆட்டத்தில் எதிர் அணிக் குழந்தை விழுந்து அழுதது. நம் பக்கத்து அம்மாக்கள் கைதட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிள்ளைகள் மட்டும் பரவாயில்லை. நடுவரிடம் வழக்காடியே ஓய்ந்து போகும், வக்கீல் என்று எல்லோரும் கூப்பிடுகிற உன் கேப்டனை எனக்குப் பிடித்துவிட்டது. கோல்கீப்பர் பூட்டுதான் பேசுவதே இல்லை. ஒரு பந்தையும் உள்ளே விடமாட்டாள் என்று நீ வைத்த பெயராமே. வாயையும் சேர்த்துப் பூட்டிவிட்டாய் போல. தண்ணீர் குடிக்கும்போதுகூட கையுறையைக் கழற்றுவதில்லை.

இறுதியாட்டத்துக்கு மைதானம் கிடைத்துவிட்டதாம். இன்னும் மூன்று வாரம். வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை


அண்ணா,

அன்புள்ள என்று போட இன்று கை வரவில்லை. மன்னித்துக்கொள்.

வியாழக்கிழமை பயிற்சியின் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் உடை மாற்றும் அறைக்கு ஓடினோம். பூட்டு நனைந்த கையுறையோடு மூலையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். கழற்றிப் பிழியம்மா என்றேன். வேண்டாம் அக்கா என்றாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்து இடது கையில் இருந்ததை நானே உருவினேன். வலது கையைத் தொட்டதும் அவள் முகம் வெளுத்துப் போயிற்று. சத்தம் வரவில்லை. மெதுவாகக் கழற்றினேன்.

அந்த நாற்றத்தை எப்படி எழுதுவது? மோதிர விரலில் பழைய டேப்புக்கு மேலே புது டேப், அதற்கும் மேலே ஒயர் சுற்றும் கறுப்பு டேப். நகக்கத்தரி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்தேன். உள்ளே தோல் ஊறி வெள்ளை வெளேரென்று பிசுபிசுத்தது. விரல் நடு மூட்டில் பக்கவாட்டில் வளைந்து, பக்கத்து விரலின் மேல் ஏறி நின்றது. எலும்பைப் படம் எடுத்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு அதைப் பார்க்க எக்ஸ்ரே தேவையில்லை.

எப்போது ஆனது என்று கேட்டேன். வக்கீல்தான் சொன்னாள். அரையிறுதியில் கடைசிப் பந்தைத் தடுத்தபோதாம். சார் அவளை அறைக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் விரலைப் பிடித்து இழுத்து விட்டாராம். டேப் சுற்றிக் கூட்டி வந்தாராம். வீட்டில் சொன்னால் இறுதியாட்டத்துக்கு விடமாட்டார்கள், உன் இடத்துக்கு நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்றாராம். பிறகு எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து, யாரும் வெளியே சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாராம். நாங்க எல்லாரும் கை நீட்டினோம் அக்கா, அவ இடது கையை நீட்டினா என்றாள் வக்கீல். எதற்கெடுத்தாலும் வாதாடுகிற குழந்தை, இதைச் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

பொய்யாக இருக்கக்கூடாதா என்று மூன்று நாள் ஆசைப்பட்டேன். அதனால்தான் நேற்று அண்ணியிடமிருந்து போனைப் பிடுங்கினேன். நீ யோசிக்கக்கூட இல்லை. அது வெறும் சுளுக்கு, நீ பெரிய டாக்டர் மாதிரி பேசாதே, ஆட்டம் முடியட்டும், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாய். எந்தக் கை, எந்த விரல் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உனக்குத் தெரிந்திருக்கிறது, அதனால் கேட்கவில்லை. நீ போனை வைத்த பிறகு குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். அண்ணி என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது நீ. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இந்த விரலைப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பேன்? நாளைக் காலையில் அவள் வீட்டுக்குப் போகிறேன்.

தங்கை


அண்ணா,

அவள் அப்பாவுக்கு ரொட்டிக் கூடத்தில் அடுப்படி வேலை. விடியுமுன் போய்ப் பகலில் தூங்குகிறவர். நான் போனபோது தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்தார். கோச்சோட தங்கச்சியா என்று முகம் மலர்ந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உன்மேல் அவ்வளவு மரியாதை. அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் சொன்னேன்.

அதனாலதான் கைதவறிப் போட்டாளா என்றார் அவர். போன மாதம் சாப்பாட்டோடு தட்டைக் கீழே போட்டு உடைத்துவிட்டாளாம். பாத்திரம் கழுவச் சொன்னால் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போவாளாம். திமிர் என்று நினைத்து அடித்துவிட்டாராம். அடித்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுப்பில் சுட்ட தழும்பு அந்தக் கை முழுக்க.

என் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனேன். படம் நான்தான் எடுத்தேன். மூட்டுக்குள் உடைந்து, கோணலாகவே கூடிவிட்டது. அறுத்து, திரும்ப உடைத்து நேராக்க வேண்டும், அப்போதும் முழுக்க மடங்கும் என்று சொல்ல முடியாது என்றார் எலும்பு டாக்டர். முதல் வாரத்திலேயே வந்திருந்தால் விரலுக்குப் பட்டை வைத்துக் கட்டியே சரி செய்திருக்கலாம் என்றும் சொன்னார். யார் இழுத்தது, எலும்பு கட்டும் நாட்டு வைத்தியர் யாராவதா என்று கேட்டார். என் அண்ணன் என்று சொன்னேன்.

உங்கள் கிளப் செயலாளரின் லட்சணத்தையும் கேள். ஆட்டத்துக்கு முந்தின நாள் நம் வீடு தேடி வந்து, ஒரு மணி நேர ஆட்டம்தானே, ரெண்டு விரலைச் சேர்த்துக் கட்டி நிறுத்திடுங்களேன், ஆபரேஷன் அடுத்த வாரம்தானே என்றார். கூடவே, இதை வெளியே கொண்டுபோனால் உங்கள் அண்ணன் பிழைப்பு போய்விடும் என்று இரக்கம் வேறு. அவர் குடித்த டம்ளரை நான் கழுவவில்லை, தூக்கிப் போட்டுவிட்டேன். அண்ணி உள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்றிலிருந்து அவரும் அதிகம் பேசுவதில்லை.

வக்கீல் கோலில் நின்றாள். ஐந்து கோல் வாங்கித் தோற்றோம். அந்தப் பல் டாக்டர் என் முகத்துக்கு நேரே விரலை ஆட்டி, கால்பந்து தெரியாத பொம்பளையை நிறுத்தினால் இப்படித்தான் என்றார். ஒரு குழந்தையின் விரல் போயிருக்கிறது என்றேன். கையுறைக்குள்ளதானே இருந்தது, யாருக்குத் தெரியப்போகுது என்றாள் பின்னாலிருந்து ஒரு அம்மா. அவளுக்கும் பன்னிரண்டு வயதில் மகள் இருக்கிறாள், நடுவில் ஆடுகிறாள். இந்த ஜனங்களோடு ஒரே மைதானத்தில் நின்றேன் என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பூட்டு கூட்டத்தோடு உட்கார்ந்து பார்த்தாள். நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேனோ என்னவோ. உங்களாலதான் தோத்தோம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அது அவள் பேச்சில்லை. நீ சொல்லிக்கொடுத்தது.

என்னையும் விட்டுவிடவில்லை. அரையிறுதி அன்று நானும் ஆட்டம் பார்க்க வந்து அங்கேதான் கைதட்டிக்கொண்டிருந்தேன். பந்தைத் தடுத்துவிட்டு, கையை அக்குளில் செருகிக்கொண்டு மண்டியிட்டிருந்தவளை எவ்வளவு வீரம் என்று போட்டோ எடுத்தேன். நேற்று அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு அழுகையை அடக்குகிற முகம் அது. பதினொரு வருஷம் எலும்பு பார்த்தவளுக்கு அன்று தெரியவில்லை. ஜெயித்துக்கொண்டிருந்தோம் அல்லவா. உன்மேல் எனக்கு வருகிற அருவருப்பில் பாதி என்னையும் சேர்ந்தது.

நடந்ததை எல்லாம் எழுதி, எக்ஸ்ரே படத்தின் நகலோடு, கிளப்புக்கும் உன் பயிற்சி முகாமுக்கும் அனுப்பிவிட்டேன். என் பெயரையும், நான் உனக்கு என்ன உறவு என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது அதுவும் கிடைத்திருக்கும். சர்டிபிகேட் கிடைக்காது. என்னை நீ தங்கையே இல்லை என்று சொன்னாலும் சொல்வாய். சொல்லிக்கொள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளுக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நேற்று அவள் அப்பா என்னிடம் ஒன்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. விரலைப் பிடித்து இழுத்தபோது அவள் அழுதாளா என்று கேட்டார். மகளிடம் கேட்டால் வாயே திறக்க மாட்டேன் என்கிறாளாம். எனக்குத் தெரியாது என்றேன். அறைக்குப் பின்பக்கம் அவளும் நீயும் மட்டும்தான் இருந்தீர்கள்.

அவர் செவ்வாய்க்கிழமை முழுக்க அந்த வராந்தாவில்தான் இருப்பார். வந்து சொல்லிவிடு, அண்ணா.

உன் தங்கை