கல்லில் ஒரு பெயருக்கு இடம்

மே 29
மழை. முட்டை விலை ஏறிவிட்டது.
சாப்பிடும்போது டெட்சுரோ சொன்னார்: "செவ்வாய்க்கிழமை காமகுரா போவோம். அவசரமில்லாம மூணு கோயில் பாத்துட்டு, கடைசியா நம்ம குடும்பக் கல்லறை. கல்லுவேலை முடிஞ்சிடுச்சாம்."
சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. அந்தக் கல்லில் அவருடைய முதல் மனைவி மிட்சுயோவின் பெயர் இருக்கிறது. பக்கத்தில் அவர் பெயர். உயிரோடிருப்பவர் என்பதால் சிவப்பில். இன்னும் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம். "கல்லைப் பழுது பாக்கறப்ப உன் பேரையும் வெட்டிடலாம், ஃபுசாயே" என்று அவர் சொன்னது எங்களுக்குக் கல்யாணமான வருஷம்.

ஜூன் 2
போய் வந்தோம். அவருடைய அக்கா குனிகோவும் வந்தாள். பனிக்காலத்தில் விவாகரத்தாகி, பிறந்த வீட்டுப் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டவள்.
முதல் கோயிலில் நீலப்பூக்கள் பாதிதான் மலர்ந்திருந்தன. இரண்டாவதில் மூங்கில் நிழலில் பச்சைத் தேநீர். மூன்றாவது கடலைப் பார்த்த கோயில். நான் ஒவ்வொரு சன்னிதியிலும் நின்று கும்பிட்டேன். "எந்தச் சாமிகிட்டயும் பாக்கி வைக்க மாட்டா நம்ம ஃபுசாயே" என்றாள் குனிகோ. அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மதியம் குட்டி வெள்ளைமீன் போட்ட சோறு. நல்ல சோறு, அதை மறைப்பானேன்.
பிறகு கல்லறை. வழக்கம்போல நான்தான் வாளி சுமந்தேன், நான்தான் கல்லைக் கழுவினேன். ஈரத்தில் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. அவர் பெயருக்குப் புதுச் சிவப்பு. அதற்கடுத்து, இன்னொரு சிவப்புப் பெயர் - குனிகோ.
இன்னொரு கரண்டி தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். போகவில்லை.
"எனக்குப் போக்கிடம் ஏது, ஃபுசாயே?" என்றாள் குனிகோ. "எங்கப்பா அம்மா இருக்கற கல்லுதானே."
அவர் தொண்டையைச் செருமினார். "நீ கேக்கவே இல்லையே. உன் சாம்பலும் இதுக்குள்ளதான் போகும். வெளியில இருக்கறது வெறும் பேருதானே?"
"வெறும் பேருன்னா உங்க பேருக்கு எதுக்குங்க புதுச் சிவப்பு?"
"சத்தம் போடாதே. பக்கத்துல இருக்கறவங்க பாக்கறாங்க."
பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் செத்தவர்கள்.
திரும்பி வரும் ரயிலில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார்.

ஜூன் 3
விடிந்ததும் பூஜைப் பீடத்தில் மிட்சுயோவுக்குச் சோறு வைத்தேன். அவள் மேல் கோபமில்லை. ஆனா இருபத்தாறு வருஷமா அவளுக்கு வச்சிட்டுத்தானே நான் சாப்பிட்டேன்? நான் போயிட்டா எனக்கு யாரு வைப்பா, குனிகோவா? மந்திரம் பாதியில் நின்றுவிட்டது. அடுத்த வரி வரவில்லை. தினமும் சொல்லும் எனக்கு!

ஜூன் 11
அவரிடம் பேசுவதில்லை. அவர் இன்னும் கவனிக்கவில்லை.

ஜூலை 8
மீன் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாக ஜுஷிக்குப் போனேன். அங்கே ஒரு சின்னக் கோயிலில் பெண்களுக்கென்று பொதுக்கல்லறை இருக்கிறது. குடும்பக் கல்லறை இல்லாதவர்கள், இருந்தும் வேண்டாமென்று வந்தவர்கள், எல்லாருக்கும் ஒரே கல். குருக்களின் மனைவி உட்காரவைத்து பார்லி நீர் கொடுத்தாள்.
"குடும்பப் பேரு என்ன போடணும்மா?"
"வேணாங்க. ஃபுசாயே, அவ்வளவு போதும்."
"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"
"அவரு கேக்கவே இல்லையே."
அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வீட்டுக் கணக்கில் நான் எழுதாத முதல் செலவு.

செப்டம்பர் 23
முன்னோருக்குப் பூ வைக்கும் நாள்.
"பூ வாங்கிட்டியா? வாளி எங்க?" என்றார்.
"அக்கா பேரும் கல்லுல இருக்கே. அவங்களையே தூக்கச் சொல்லுங்க."
"அப்ப நீ?"
"என் கல்லறைக்குப் போறேன்."
சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எத்தனை நாளைக்கப்புறம்! நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.
ஜுஷியில் என் பெயருக்கு அடுத்த பெயரும் சிவப்புதான். அதற்குரியவள் எனக்கு முன்பே வந்து இலைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற்ற தையல்காரியாம். பயற்றுருண்டையைப் பாதி பிட்டுக் கொடுத்தாள். தன் மூட்டுவலி, மருமகன், பூனை என்று ஒன்று விடாமல் சொன்னாள். ரொம்பப் பேசுகிறாள். பக்கத்தில் படுக்கப்போகிறவள், பழகிக்கொள்ள வேண்டியதுதான்.