தழும்பு பற்றி நீர் கேட்ட கேள்வி

பார்க் எக்ஸ்டென்ஷன் வட்டாரத்துப் பலசரக்குக் கடையில் இன்று காலை பத்திரிகைக் கட்டை அவிழ்த்தபோது அச்சுமையின் மணம் எழுந்தது. கூடவே உம்மீது பொறாமையும் வந்தது. நீர் போய் இரண்டு பனிக்காலம் ஆகிறது. அது இன்னும் போகவில்லை.

வாசல் தட்டில் இப்போது என் வாரப்பத்திரிகை மட்டும்தான். முன்பு உம்முடைய பத்திரிகைக் கட்டின்மேல் என் கட்டை வைத்துவிட்டுப் போவேன். பிறகு நீர் வந்து மாற்றி வைப்பீர். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தீர். "என்ன காணும், என்ரை பேப்பருக்கு மூச்சு முட்டுது!"

சிறுநீரகத் தழும்பு பற்றி ஆய்வாளர் ஒருவர் பொதுமக்களுக்கு ஆற்றிய உரைக்கு இருவரும் போனோம். சிறுநீரகத்தின் நுண்ணிய குருதிக்குழாய்களுக்கு உட்சுவராக இருக்கும் உயிர்க்கலங்கள் காயப்பட்டு இறக்கும்போது சில பொருட்களை வெளிவிடுகின்றன, அவை அயலிலுள்ள கலங்களைத் தூண்டித் தழும்பை வளர்க்கின்றன என்றார் அந்த அம்மையார். நான் ஒரு சொல் விடாமல் குறித்தேன். நீர் எழுந்து ஒன்றே ஒன்று கேட்டீர்: ஏற்கெனவே விழுந்த தழும்பு அழியுமா? அவர் கண்ணாடியைக் கழற்றினார். தடுக்கத்தான் வழி தேடுகிறோம், அழிப்பதைப் பற்றி இன்று வாக்குத் தர முடியாது என்றார். என் கேள்விகள் எதற்கும் அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. நீரோ பதிலைக் குறிக்கக்கூட இல்லை. என்ன திமிர் என்று நினைத்தேன்.

என் கட்டுரை முழுப்பக்கம், படத்துடன், பிழையில்லாமல் வந்தது. உம்முடையது அரைப்பத்தி. 'இறக்கும் கலம் தன்பாட்டில் இறப்பதில்லை. அயலாருக்கு ஒரு வேலை வைத்துவிட்டுப் போகிறது' என்று தொடங்கியிருந்தீர். கடைக்காரர் அதை வருவோருக்கெல்லாம் வாசித்துக் காட்டினார்.

"உம்மடை பேப்பரிலை கருவாடு சுத்த நல்ல வசதி காணும், தாள் பெரிசு" என்று சிரித்தீர்.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் உம்முடைய மனைவி தொலைபேசியில் அழைத்தார். நீரிழிவால் உம் சிறுநீரகங்கள் வருடக்கணக்காகத் தழும்பேறி வந்தன என்றும், குருதிச் சுத்திகரிப்புக்குப் போகத் தொடங்கிவிட்டீர் என்றும் சொன்னார். மண்டபத்தில் நீர் கேட்டது பத்திரிகைக்காக அல்ல. அன்றே ஓடி வந்தேன்.

"ஏன் காணும் என்னட்டைச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் பாவம் பாத்து, கட்டுரை நல்லாயிருக்கு எண்டிருப்பீர். எனக்கு உம்மடை எரிச்சல்தான் வேணும். அதிலைதான் பொய்யில்லை."

மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருந்தபடியே போய்விட்டீர்.

இப்போது எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், பத்திரிகைக்காக அல்லாமல் வந்திருப்பவரைத் தேடுகிறேன். சென்ற மாதம் ஒரு கூட்டத்தில், டோர்வல் பகுதியில் துப்புரவு வேலை செய்யும் பெண் ஒருவருக்குக் கேள்வி கேட்கும் என் முறையை விட்டுக்கொடுத்தேன். தன் தம்பியின் சிறுநீரகம் இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்டார். அந்தக் கேள்வியோடுதான் கட்டுரையைத் தொடங்கினேன்.

இன்று கடைக்காரர் அதை வாசித்து முடித்து நிமிர்ந்தார்.

"இந்தமுறை நல்லா வந்திருக்கு அண்ணை. அந்தாள் எழுதின மாதிரியே கிடக்கு."

பாரும் காணும், அவர் வாயால் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டையும் நீரே வாங்கிக்கொண்டு போய்விட்டீர்.